குடை பிடித்த கை

"என்னய்யா அக்கிரமம் இது? மனுசனைக் கத்திரிச்சு எறிஞ்சிருக்கீரு?"

கல்லங்குறிச்சி மிராசுதார் குருநாதன் போட்ட சத்தத்தில், அரியலூர் வாசகசாலையில் யுத்தச் செய்தி படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

சுவர் நிறையப் பழைய போட்டோக்கள். ஊர்ச் சரித்திரம் எழுதப்போகிறேன் என்று அமிர்தலிங்கம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவை. அதில் ஒன்றில் குருநாதனின் காலஞ்சென்ற அப்பா நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே குடை. குடையைப் பிடித்த கை மணிக்கட்டு வரைதான் இருந்தது. கைக்குச் சொந்தக்காரனைக் காணோம்.

"வேலைக்காரன்னா அவ்வளவு எளக்காரமா?"

"அவரு இருக்க வேண்டிய இடம் இது இல்லைன்னு தோணிச்சுங்க" என்றார் அமிர்தலிங்கம்.

"கேட்டீங்களா நியாயத்தை? குடை வேணுமாம், குடை பிடிச்சவன் வேணாமாம். உழைக்கிறவன் இல்லாம என்னய்யா சரித்திரம்?"

எல்லோரும் கை தட்டினார்கள். பட்டணத்துக் கூட்டங்களில் கேட்டதையெல்லாம் குருநாதன் ஒரு மூச்சு பேசித் தீர்த்தார். அமிர்தலிங்கம் கல்லுளிமங்கன் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படித்தவனுக்குப் புத்தி இப்படியா போகும்?

வந்த வேலை முடிந்து வில்வண்டியில் ஊர் திரும்பிய குருநாதன், நேரே மருதாயி குடிசை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏ மருதாயி, கடலை பறிக்க ஆளு பத்தல. வூட்டுல என்ன பண்றே?"

"இன்னிக்கு எம் புருசனுக்குத் தெவசமுங்க ஐயா."

"செத்தவன் எங்க ஓடிடப் போறான்? வேலையை முடிச்சுட்டு வந்து படைச்சா ஆகாதா?"

அப்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. விளக்குக்குப் பின்னால், சுவரில் சாத்திய ஒடுக்கமான போட்டோத் துண்டு. அதில் ஒடுங்கி நிற்கிற ஒரு ஆள். நீட்டிய வலது கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது.

"இது ஏது உனக்கு?"

"அரியலூரு போட்டோ ஐயா குடுத்தாருங்க. எம் புள்ளைக்கு அப்பன் மொகமே தெரியாது, ஒருக்கா காட்டிட்டுத் தந்துடறேன்னுதான் கேட்டேன். நகல் எடுக்கக் காயிதம் கெடைக்கலியாம், யுத்தம் முடியணுமாம். அது வரைக்கும் நீ காத்திருக்க வேணாம் தாயின்னு கத்திரிக்கோல எடுத்துட்டாரு."

குருநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தாராளம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, நான் ஒண்ணு பண்றேன். வாசகசாலைப் படத்துக்குக் கீழே உன் புருசன் பேரைப் பெரிசா எழுதி வைக்கச் சொல்றேன். அவன் பேரு என்ன?"

மருதாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"புருசன் பேரை நான் எப்படிங்க சொல்லுவேன்? சாகுற வரைக்கும் உங்க ஏரைத்தான் ஓட்டினாரு. நீங்களே சொல்லுங்க ஐயா."

வாசகசாலையே அதிரப் பேசிய வாயில், 'டேய்' என்பதைத் தவிர வேறு பேர் வரவில்லை.