மனம் நோகாமல்

செய்தியில் இரைச்சல் இருக்கக் கூடாது என்பது தகவல் தொடர்பியலில் ரேணுகா படித்த பாடம். கெட்ட செய்தியே இரைச்சல்தான் என்பது அவள் மனிதவள அதிகாரியாக வேலை பார்த்த கோவை பம்ப் கம்பெனியின் கண்டுபிடிப்பு. அதற்காகவே எல்லோருக்கும் கழுத்துப்பட்டை மாட்டியிருந்தார்கள். யார் என்ன பேசினாலும், அதை வெளியே கேட்கவிடாமல், கேட்பவர் மனம் நோகாதபடி மாற்றி, பேசியவர் குரலிலேயே சொல்லிவிடும். வளாகத்துக்குள் அதைக் கழற்றவும் முடியாது.

திங்களன்று ஃபிட்டர் வெள்ளியங்கிரியிடம், "நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றாள் ரேணுகா.

"இனி உங்களுக்கு ஏறுமுகம்தான்!" என்றது பட்டை.

மறுநாள் கேட் அவருக்குத் திறக்கவில்லை. உள்ளே விட மறுத்த வாட்ச்மேனின் பட்டை, "வெளிக்காற்று உடம்புக்கு நல்லது" என்று உபசரித்தது.

வியாழனன்றும் வெள்ளியங்கிரி வெளியே நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே ரேணுகாவைக் கண்டதும் கேட்டின் கம்பி வழியாக மைசூர்பாகு டப்பாவை நீட்டினார். அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

"எதிர்த்த கம்பெனில வேலைக்குக் கூப்பிட்டாங்க மேடம். நீங்க அவ்வளவு சொன்னதுக்கப்புறம் போவேனுங்களா? முடியாதுன்னுட்டேனுங்க."

"ஐயோ, இன்னிக்கே அங்க போய்ச் சேருங்க!" என்று அலறினாள் ரேணுகா.

"உங்கள் விசுவாசத்தை உயிருள்ளவரை மறக்க மாட்டோம்" என்று தழுதழுத்தது பட்டை.

வெள்ளியங்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு துண்டு எடுங்க மேடம்."