கோபித்துக்கொள்ள ஒரு மூலை

எங்கள் வீட்டில் ஒரு மூலைகூட இருந்ததில்லை. வீட்டின் வடிவத்தை அவரவரே கம்ப்யூட்டரில் இழுத்து வளைத்தால், மறுநாள் வீடே அப்படி மாறிவிடும் காலம் இது. என் மருமகள் தாரகை வகுப்புக்குப் போய்க் கற்றுவந்து, வீட்டைப் பலாச்சுளை மாதிரி ஆக்கிவிட்டாள்.

போன மாதம் எனக்கும் அவளுக்கும் சண்டை. குழம்பில் உப்பில்லை என்றேன். "உங்க நாக்குலதான் ஒண்ணுமில்லீங்க மாமா" என்றாள். கோபித்துக்கொண்டு உட்கார மூலை தேடினால், சுவர் வழுவழுவென்று வளைத்துக்கொண்டுபோய் மறுபடியும் அவள் முன்னாலேயே விட்டது. மனுஷன் எப்படி முறைத்துக்கொள்வான்?

நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான், எழுபத்தெட்டு வயதில் அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஓர் எண்ணை மாற்றினால் திரையில் வீடே நெளிந்தது. மூலை மட்டும் வரவில்லை. வைத்தால், பிழை என்று சொல்லி மெஷினே வழித்துவிடும். என்னைக் கேட்காமல் என் வீட்டைத் திருத்துகிற எதையும் நான் நம்புவதில்லை.

"மூலை எதுக்குங்க தாத்தா, தூசிதான் சேரும்" என்றாள் வாத்தியாரம்மா நிறைமதி.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"அப்பப் புரியாது, விடு."

கடைசியில் இரண்டு வளைவுகளைப் பக்கம் பக்கமாக வைத்து முட்டவிட்டேன். முட்டிய இடத்தில் இடுக்காக ஒரு மூலை விழுந்தது. மெஷின் கவனிக்கவில்லை. மறுநாள் வீட்டிலும் அது வந்துவிட்டது.

முதலில் மருமகள் போய் உட்கார்ந்தாள். அவள் எழுந்ததும் மகன் பரிதி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"அது நான் செஞ்ச மூலை. எந்திரிடா."

"இருங்கப்பா, எனக்கு இன்னும் ஆறல."

நின்றுகொண்டே இருக்கிறேன். இப்படியே போனால் என் கோபம் ஆறிப்போய்விடும்.