கெலூமாவின் பெயர்ப்பலகை

மீன்துறையில் ஏணிமேல் நிற்கிற கிழவர் ஓனோஃப்ரே, ஊர்ப்பலகையில் ‘கெலூமா’ என்று எழுதிவிட்டு, அடியில் பெயருக்குப் பொருள் எழுதத் தூரிகையோடு காத்திருக்கிறார். கீழே சம்பந்தியம்மாக்கள் இருவர் போடுகிற சண்டையில் கடற்சிங்கங்களே பாறையை விட்டு இறங்கி ஓடுகின்றன. “ஸ்பானியக் கப்பல்காரன் பொண்டாட்டி பேருன்னு எழுதுங்கண்ணே!” என்கிறாள் எர்சீலியா. “அவன் பாட்டன் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க மாபூச்சே சனம் வச்ச பேரு. வாயக் கழுவிட்டு வாங்க சம்பந்தி!” என்கிறாள் மில்யாராய். அதற்குள் மூடுபனி வந்து கடலை விழுங்கிவிடுகிறது. ஏணியின் கால்கூடத் தெரியவில்லை. எர்சீலியாவின் மருமகன், மில்யாராயின் ஒரே மகன், நவேல் இன்னும் படகில் இருக்கிறான், கரைக்கு வரும் வழியெல்லாம் பாறை. சண்டை நின்ற இடத்திலேயே, பனி நாளில் படகுக்குக் கரை இருக்கும் திசை தெரிய இந்த ஊர் செய்கிறபடி, இருவரும் தோளோடு தோள் உரச நின்று ஊர்ப்பெயரைக் கூவுகிறார்கள். “கெலூ...மா!” ஒருத்திக்கு மூச்சு முட்டும் இடத்தில் மற்றவள் எடுத்துக்கொள்கிறாள். ஓனோஃப்ரேயின் பெயிண்ட் டப்பா நடுங்குகிறது. அடுத்த நாட்டு மீனவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “போதும், காது கிழியுது! வந்துட்டேன்!” என்று வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல், பின்னாலேயே படகின் மூக்கு. அவன் கால் மணலில் பட்டதுதான் தாமதம், “ஸ்பானியப் பேருதான்” என்று எர்சீலியா மறுபடி ஆரம்பிக்கிறாள். மேலே ஓனோஃப்ரே, பொருளுக்கென்று விட்ட இடத்தில் சிரத்தையாக எழுதுகிறார்: ‘பனியில் உரக்கச் சொல்லவும்.’