பச்சைக் கட்டம்

கம்பாலா சந்தையில் நடந்த திருட்டுக்காக, தலைமுடி பின்னிப் பிழைக்கும் நகாட்டோவையும் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஓஜாரா திரையைத் திருப்பிக் காட்டினார். சந்தைக் கேமரா ஆளுக்கொரு பச்சைக் கட்டம் போட்டிருந்தது. நகாட்டோவின் முகத்தில் ஒன்று, பக்கத்தில் வெறுங்காற்றில் இன்னொன்று.

“கூட வந்தது யாரு?”

“யாருமில்லீங்கய்யா. நான் வாழைக்கா வாங்கப் போறதையெல்லாம் எதுக்குப் படம் புடிக்கிறீங்க?”

“உன் பாதுகாப்புக்குத்தாம்மா. இந்த ரூம்ல உன் பக்கம் மட்டும் பாக்குற கேமராவும் ரெண்டு பேருன்னுதான் காட்டுது. மிஷின் பொய் சொல்லுமா? யாருன்னு சொல்லிட்டுப் போ.”

வீட்டில் கைக்குழந்தை பாலுக்கு அழும் நேரம். நகாட்டோவோடு இரட்டையாக, அவளுக்கு முன்னால் பிறந்த பபிரியே ஆறு வயதில் போய்விட்டாள். இரட்டையரில் ஒருவர் போனால், பறந்துவிட்டதாகத்தான் அவள் சனங்கள் சொல்வார்கள். வேறு வார்த்தை வாயில் வந்தால் மிஞ்சியவளுக்கு ஆகாது.

“எங்கக்கா பபிரியேவா இருக்கும். அவ பறந்துட்டாங்கய்யா.”

“யாருகிட்ட கதை விடுற? உள்ள தள்ளட்டுமா?”

நகாட்டோ அழுதாள். கடைசியில் சொல்லியேவிட்டாள்.

“செத்துப் போயிட்டா.”

ஓஜாரா அறைக் கேமராவின் படத்தைத் திரையில் போட்டார். மூலையில் ஆள் எண்ணிக்கை ஒன்று என்றிருந்தது.

“இதை அப்பவே சொல்றதுக்கென்ன? வீட்டுக்குக் கெளம்பு,” என்று அடுத்தவரைக் கூப்பிடத் திரும்பினார்.

நகாட்டோ திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கட்டம் இல்லை. பக்கத்துக் காலி நாற்காலியில் இருந்தது. அவள் எழுவதற்குள் அது எழுந்து வாசலைத் தாண்டியது.