பழுப்புத் தூள்

இங்கிலாந்தின் சரே மாவட்டமே சேர்ந்து தும்முமளவு தூசிக்கு நடுவில், பக்கத்து வீட்டு டெரிக் பரிசு வாங்கியவன்போல் நிற்கிறான். கையில் மரத்தைத் தேய்த்து உரிக்கும் இயந்திரம் இன்னும் சூடாக இருக்கிறது. இயந்திரத்தையே வெறுத்த கைவினைஞர்கள் நூறு வருஷத்துக்கு முன் கையாலேயே கட்டிய வீடு இது. முன்கூடத்து ஓக் மரப் பலகைச் சுவர்கள் உரித்த உருளைக்கிழங்காய் வெளுத்து, மாலை வெயிலில் கண்ணைக் குத்துகின்றன, கப்பல்களுக்கு வழிகாட்டலாம். தங்கை வீட்டிலிருந்து திரும்பிய அவன் மனைவி ஹில்டா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “எப்பிடி? அழுக்கு பூரா போயிடுச்சு! மரம் மரமா தெரியணும்னு நீதானே சொல்லுவே?” என்கிறான் டெரிக். “அது அழுக்கில்ல, டெரிக். பலகையை அடைச்சு வெச்சு அம்மோனியாப் புகை காட்டி ஏத்தின நிறம்.” “இன்னும் கொஞ்சம் தேய்ச்சா உள்ளே அந்த நிறம் இருக்காதா?” “தோல் மாதிரி மேலாகத்தான் இருந்துச்சு. உள்ளே ஒண்ணுமில்ல.” அந்தப் பழுப்புக்காகவே இந்த ஒழுகும் வீட்டை வாங்கியவள் அவள். தேநீருக்கு வந்த நான், நாக்கு நுனிவரை வந்த கேலியைத் தேநீரோடு விழுங்குகிறேன். டெரிக் துடைப்பத்தை எடுக்கிறான். “பெருக்காதே,” என்கிறாள் ஹில்டா. கோட்டோடு மண்டியிட்டு, தரையில் கிடக்கும் பழுப்புத் தூளை இரண்டு கைகளாலும் குவிக்கிறாள். அது விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருக்கிறது.