தியாகி காரி

கறுப்புத் தோல் பட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று வெள்ளைப் பசுக்கள், காரி என்ற எருமையைத் தொட்டிப் பக்கமே விடவில்லை. எருமை உரிமைச் சங்கத்தின் தலைவர் கொக்கார் அவள் முதுகில் ஏறி நின்று கண்ணீர் விட்டார். அவளை மேடை மேடையாகப் பேசவைத்தார். அவள் பேச்சைக் கேட்ட பசுக்கள் வெட்கப்பட்டு வழிவிட்டன.

வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலைவரிடம் ஓடினாள் காரி. "தண்ணீர் கிடைச்சிடுச்சு, தலைவரே!"

கொக்காரின் முகம் சுருங்கியது. "யாரைக் கேட்டுக் குடிச்சே? அடுத்த வாரம் மாநாடு இருக்கே!"

மாநாட்டு மேடையில் காரியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. "தாகத்தால் உயிர்நீத்த தியாகி..." என்று விம்மினார் கொக்கார்.

"நான் சாகலையே!" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் காரி.

"கேட்டீர்களா? செத்த பிறகும் அவள் குரல் ஓயவில்லை!" என்றார் கொக்கார்.

எருமைகள் தேம்பித் தேம்பி அழுதன.