கிழக்கு மதில்

மேற்கு வாசல் வழியாகச் சனம் வெளியேறிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கிழக்கு மதிலடியில் நின்றாள்.

மதிலுக்குள் அவள் புருஷன் இருந்தான்.

ஒன்பதே நாளில் எழுப்பிய மண்கோட்டை. கும்பினிப் படை வருவதற்குள் முடித்தாக வேண்டும். ஏழாம் நாள் ஈரச் சுவர் சரிந்தது. அடியில் அவள் புருஷன் சொரிமுத்து மண் மிதித்துக்கொண்டிருந்தான்.

தோண்டிப் பார்க்கப் பொழுதில்லை என்றார் படைத்தலைவர் சேர்வைக்காரர். அவன்மேலேயே மண்ணை அப்பி மதிலை உயர்த்தினார்கள்.

கோட்டைக்குக் காவலாக நிற்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை ஒற்றன் வந்தான். பெரிய பீரங்கிகள் வருகின்றன, ஒரு பகல்கூடத் தாங்காது என்றான். கோட்டையை விட்டுக் காட்டுக்குள் போய்விடுவதென்று பாளையக்காரர் முடிவெடுத்தார்.

சேர்வைக்காரர் குதிரையை விட்டிறங்கி அவளிடம் வந்தார்.

“சண்ட இல்ல தாயி. பொறப்படு.”

அவள் மதிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, அய்யா.”

அவர் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டே போனார். ஏறவில்லை.

சனம் காட்டுக்குள் நுழைந்தபோது அவள் பின்தங்கினாள். பக்கத்து ஊரில் யாருடைய மாட்டுக் கொட்டிலிலோ ஒதுங்கினாள்.

மறுநாள் கும்பினிப் படை வந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. திறந்து கிடந்த வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

கோட்டை இருந்த தடமே தெரியக் கூடாதென்று உத்தரவு. இடிக்க ஆள் கேட்டு ஊர் ஊராகத் தமுக்கடித்தார்கள்.

எவரும் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவள் போனாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், நடுத்தெருவில்.

ஒருத்தி வாசலுக்கு வந்து காறித் துப்பினாள். காலில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. தான் யாரென்றும் சொல்லவில்லை.

வேலை வாங்க வந்த கும்பினிச் சேவகன் மேற்கிலிருந்து தொடங்கச் சொன்னான். கிழக்கே வெட்டுகிறேன் என்றாள். வந்திருந்த ஒரே ஆள் அவள்தான். விட்டுவிட்டான்.

வெயிலில் இறுகிய மண். இரண்டு நாளில் உள்ளங்கை கிழிந்துவிட்டது.

மூன்றாம் நாள் உச்சிவேளையில், ஓங்கிய மண்வெட்டியை அப்படியே நிறுத்தினாள்.

தூரப் போட்டாள்.

குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணைத் தள்ளத் தொடங்கினாள். மெதுவாக.